தெருவில் சிட்டுக்குருவி போய்ப் புறா வந்த கதை

கேட்டவர் மேற்கு மாம்பலத்துக்காரர். அவர் கேட்டதன் சுருக்கம் இது: “சின்ன வயசில் எங்கள் பழைய வீட்டு உத்தரத்தில், சுவாமி படத்துக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்கு மேலே, எங்கே பார்த்தாலும் சிட்டுக்குருவிக் கூடு. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்போது புறாவையும் காக்காயையும் தவிர ஒரு பறவை கிடையாது. செல்போன் டவர்தான் காரணமா? மொட்டை மாடியில் தினமும் அரிசி வைத்தால் எல்லாம் திரும்பி வருமா?”

டவர் இல்லை. அரிசி வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால், “ஒரு பறவை கிடையாது” என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, சார்.

நான் இருப்பது நங்கநல்லூரில், மூன்று மாடி ஃபிளாட். இருபது வருஷத்துக்கு மேலாகப் பைனாகுலரும் கையுமாகத் திரிகிறவன். போன மார்ச்சில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் காபி டம்ளரோடு மொட்டை மாடிக்குப் போனேன். முதலில் காதில் விழுந்தது குண்டுகரிச்சான். கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாலைத் தூக்கித் தூக்கிப் பாடுமே, அது. தெருவிளக்கு பளீரென்று எரிகிற இடங்களில் இது மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும். அடுத்து குயில். அதற்குள் எங்கோ ஒரு செம்மார்புக் குக்குறுவான், பாத்திரக் கடையில் செம்பு தட்டுகிற மாதிரி டொங்க், டொங்க், டொங்க் என்று நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தது. கீழே செம்பருத்தியில் தையல்சிட்டு. உருவம் கட்டைவிரல் அளவு, குரல் மைக் வைத்த அளவு. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஜோடி. தண்ணீர்த் தொட்டி மேல் மைனா. கேபிள் ஒயரில் இரண்டு சின்னான். பக்கத்து வீட்டு மாமரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம், கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி ஒரே சளசளப்பு. கிளிகள் கத்திக்கொண்டே கிழக்கே போயின. உண்ணிக்கொக்குகள் சத்தமில்லாமல் வரிசை கட்டித் தெற்கே போயின. உயரே உழவாரன், அதற்கும் மேலே கரும்பருந்து. வைரி ஒன்று தென்னைக்கு நடுவில் புகுந்து வர, காக்காய்கள் அதைத் துரத்த, வேலியில் நாணல் கதிர்க்குருவி ‘டக், டக்’ என்று நாக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. டம்ளர் காலியாவதற்குள் இருபது வகை ஆகிவிட்டது.

கடைசியில் சொன்ன அந்தக் கதிர்க்குருவியைப் பற்றி ஒரு வார்த்தை. நிறமும் இல்லை, இங்கே இருக்கும்போது பெரும்பாலும் பாட்டும் இல்லை, புதருக்குள்ளேயே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் அது கோடையில் முட்டையிடுவது ரஷ்யா, மத்திய ஆசியா பக்கம். செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரல் வரை நம் காம்பவுண்டுச் சுவர் செடியில் குடியிருந்துவிட்டுப் போகிறது. உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒன்றிரண்டு இருக்கும். குளிர்காலத்தில் செடிக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற சத்தம் வந்தால் அதுதான்.

ஆக, தெருவில் பறவை இல்லாமல் போகவில்லை. எந்தெந்தப் பறவை என்பதுதான் மாறியிருக்கிறது. ஏன் இது போயிற்று, ஏன் அது வந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் எப்போதும் இரண்டே விஷயத்தைப் பார்க்கச் சொல்வேன்: அது எங்கே முட்டையிடும்? குஞ்சுக்கு என்ன ஊட்டும்? பெரிய பறவைக்குத் தீனி எங்கேயாவது கிடைத்துவிடும். குஞ்சுதான் கண்டிப்பான வாடிக்கைக்காரர்.

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். அடைக்கலக் குருவி என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. சங்கப் பாட்டில் ‘மனையுறை குரீஇ’. பெயரிலேயே விலாசம் இருக்கிறது. மனிதன் கட்டிய வீட்டை நம்பிக் குடித்தனம் நடத்துகிற பறவை. மங்களூர் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்து, மெட்ராஸ் டெரஸ் வீட்டின் தேக்கு உத்தரத்துக்கு மேலே உள்ள இடுக்கு, வென்டிலேட்டர், சுவரிலிருந்து சாய்ந்து தொங்குகிற காந்தி படம், எல்லாமே அதற்கு அறைதான். இன்றைய ஃபிளாட்டில் இந்தச் சந்து பொந்து ஒன்றுமே கிடையாது. சுவர் வழவழவென்று இறங்குகிறது, ஜன்னல் ஸ்லைடிங், அதற்கும் கொசுவலை. உள்ளே வரத் துணிகிற குருவியையும் சீலிங் ஃபேன் அடித்துவிடுகிறது. எங்கள் பாட்டி வீட்டில் கூடத்தில் குருவி இருந்தால் ஃபேனைப் போட விடமாட்டார்கள், வியர்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறோம்.

இரண்டாவது கேள்வி, குஞ்சுக்குத் தீனி. குருவி தானியம் தின்னும் என்பது சரிதான். ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் சில நாள் தானியத்தைச் செரிக்காது. அதற்கு மெத்தென்ற புழு, பூச்சி வேண்டும். அவரைப் பந்தலில் அசுவினி, முருங்கையில் கம்பளிப்புழு, கொல்லையில் எருக்குழி என்று இருந்த வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. கொல்லை கார் பார்க்கிங் ஆகி, மண் தெரிகிற கடைசி இடத்தையும் டைல்ஸ் போட்டு மூடி, செவ்வாய்க்கிழமை தோறும் கொசு மருந்துப் புகை அடித்தால் புழு எங்கிருந்து வரும்? வளர்ந்த குருவிக்கும் கஷ்டம்தான். முன்பு அரிசி மூட்டையில் வரும், வாசலில் உட்கார்ந்து முறத்தில் புடைப்பார்கள், நொய்யும் குருணையும் சிதறும். இப்போது அரிசி பையில் சீல் வைத்து வருகிறது, கல்லும் இல்லை, குருணையும் இல்லை. போதாததற்கு அதற்குப் புழுதிக் குளியல் வேண்டும். உங்கள் தெருவில் புழுதி எங்கே இருக்கிறது?

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், சென்னையில் குருவி எங்கே இன்னும் இருக்கிறது என்பதும் தானாகப் புரியும். மளிகை மண்டி, மார்க்கெட், மீனவர் குப்பம், வட சென்னையின் பழைய தெருக்கள், ஷட்டருக்கு மேலே இரும்புப் பெட்டி வைத்த கடை வரிசைகள். சிதறுகிற தானியம், ஓட்டை உடைசல் உள்ள கட்டடம், கொஞ்சம் மண். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் அது ஜோராக இருக்கிறது.

டவருக்கு இங்கே வருகிறேன். அந்த மார்க்கெட்டுகளைச் சுற்றி டவர் குறைவா என்ன? ஒரே கட்டடத்தின் தலையில் நாலு கம்பெனி ஆன்டெனா, அதே கட்டடத்தின் ஷட்டர் பெட்டிக்குள் குருவிக் குஞ்சு. நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று: பிரிட்டனில் சிட்டுக்குருவி சரிய ஆரம்பித்தது 1970-களில். அப்போது செல்போன் என்ற பேச்சே இல்லை. டவர்தான் குருவியைக் கொன்றது என்று காட்டுகிற உறுதியான சான்று கிடையாது. சினிமாவில் பெரிய அளவில் காட்டிய பிறகு இந்த நம்பிக்கை நம் ஊரில் கல்லில் எழுதியது மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. டவர் என்றால் குற்றம் கம்பெனி மேல் போய்விடும். டைல்ஸ் என்றால் நம் மேல் வந்துவிடும்.

நாடு முழுக்க என்று எடுத்தால் சிட்டுக்குருவி அழிகிற பறவையே இல்லை. பறவை பார்ப்பவர்கள் பதிந்த பட்டியல்களை வைத்து 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 25 வருஷமாக அதன் எண்ணிக்கை மொத்தத்தில் நிலையாக இருக்கிறது என்றது. அதே அறிக்கை, சென்னை உள்ளிட்ட 6 பெருநகரங்களில் அது குறைந்திருப்பதையும் சொன்னது. அதாவது பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை, நகரத்துக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

இப்போது புறா. அதே இரண்டு கேள்வி. எங்கே முட்டையிடும்? மாடப்புறாவின் பூர்வீகம் மலைப்பாறை, கடலோரச் செங்குத்து. பாறையின் விளிம்பில் நாலு குச்சியைப் போட்டு முட்டை வைத்துவிடும். அதன் கண்ணுக்கு உங்கள் பத்து மாடிக் கட்டடம் ஒரு செங்குத்துப் பாறை. ஏசி அவுட்டோர் யூனிட் வைக்கிற திட்டு பாறை விளிம்பு. பாத்ரூம் குழாய் இறங்குகிற டக்ட் ஒரு குகை. குருவிக்கு வேண்டிய ஓட்டையை அடைத்துவிட்டுப் புறாவுக்கு வேண்டிய விளிம்பை நாமே மாடிக்கு நாலாகக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

குஞ்சுக்கு என்ன ஊட்டும்? இங்கேதான் புறா மற்ற பறவைகளை ஒரேயடியாக முந்துகிறது. அதற்குப் புழு பூச்சி தேவையே இல்லை. தொண்டைக்குக் கீழே இருக்கிற தீனிப்பையில் தயிர்க்கட்டி மாதிரி ஒரு பால் சுரக்கிறது. ஆண், பெண் இரண்டுக்கும் சுரக்கும். தான் தின்ற கோதுமையையும் சோளத்தையும் குஞ்சுக்கான ஆகாரமாகத் தன் உடம்பிலேயே மாற்றிக்கொள்கிற வித்தை அது. பூச்சி பெருகுகிற பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. யாராவது தினமும் தானியம் போட்டால் வருஷம் முழுக்க இனப்பெருக்கம்தான். இரண்டு முட்டை, பதினெட்டு நாள் அடை, ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும், பல சமயம் அதற்குள் அடுத்த முட்டை வந்திருக்கும்.

அதனால்தான் அரிசி வேண்டாம் என்றேன். நீங்கள் குருவியை நினைத்துப் போடுவீர்கள், வந்து தின்பது புறா. நாலு புறா நாற்பதாகும். பிறகு குருவியே வந்தாலும் இடம் இருக்காது. புறா எச்சத்தின் தூசியையும் இறகுத் தூசியையும் நீண்ட நாள் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும் என்பதும் மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். மும்பையில் 2025-ல் கபூதர்கானாக்களை, அதாவது பொது இடத்தில் புறாவுக்குத் தீனி போடுகிற இடங்களை, மூடப்போய்ப் பெரிய ரகளையே நடந்தது. புண்ணியமும் சுகாதாரமும் மோதிக்கொள்கிற இடத்தில் நான் தலையைக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால் மொட்டை மாடி அரிசியை அறவே மறந்துவிடுங்கள்.

காக்காயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அமாவாசைச் சோற்றுக்கு அது வராவிட்டால் கலங்கிப்போகிற வீட்டில் வளர்ந்தவன். ஆனால் உண்மை என்னவென்றால், குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிற தெருவில் காக்காய் கூடுகிறது. காக்காய் கூடினால் தையல்சிட்டுக்கும் சின்னானுக்கும் முட்டை மிஞ்சுவது குறைகிறது. குயிலுக்கு மட்டும் இதில் கொண்டாட்டம். பெண் குயில் காக்காய்க் கூட்டில் முட்டையிடுகிறது, குஞ்சைக் காக்காய் வளர்க்கிறது. எங்கே முட்டையிடும், குஞ்சுக்கு யார் ஊட்டுவது என்ற இரண்டு கேள்வியையும் குயில் காக்காய் தலையில் கட்டிவிட்டது. அது தின்னப் பழம் இருந்தால் போதும். அந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 2023-ல் மறுபடி வெளியானது; அதில் 2000-க்குப் பிறகு குயில் 75 சதவீதம் பெருகியிருக்கிறது என்று பார்த்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. காக்காயும் பழமரமும் உள்ள ஊரில் குயில் ஏன் பெருகாது?

அதே அறிக்கையின் மறுபக்கம் அவ்வளவு இனிமையானதல்ல. 942 வகைப் பறவைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தகவல் இருந்தது 338 வகைக்கு. அந்த வகைகளில் 60 சதவீதம் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன. எது கிடைத்தாலும் தின்று எங்கும் பிழைக்கிற பறவைகள் தாக்குப்பிடிக்கின்றன. புல்வெளி, முட்புதர் என்று ஒரே மாதிரி இடத்தை நம்பியிருப்பவை போகின்றன. இதை டெல்லி ரிப்போர்ட் என்று தள்ளிவைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது.

எங்கள் ஃபிளாட்டுக்கு இடதுபுறம் இரண்டரை கிரவுண்டில் ஒரு காலி மனை இருந்தது. சொந்தக்காரர்களுக்குள் கோர்ட்டு கேஸ். எருக்கு, ஆவாரை, ஒரு மூலையில் சீமைக்கருவேலம், நடுவில் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம். அசோசியேஷன் மீட்டிங் தோறும், “பாம்பு வருது, கொசு வருது, க்ளீன் பண்ணச் சொல்லுங்க” என்பார்கள். நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பேன், ஏனென்றால் என் பால்கனியிலிருந்து அந்த மனை தெரியும். இங்கேயே முட்டையிடுகிற வேறு வகைக் கதிர்க்குருவி ஒன்று எருக்குச் செடியில் கூடு கட்டியது. புள்ளிச்சில்லைகள் புல் விதைக்கு வந்தன. ஐப்பசி மழைக்குப் பின் பள்ளத்தில் கானாங்கோழி, கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி நாலு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு. ஒரு கோடையில் ஆள்காட்டி வெறும் சரளை மேல் முட்டையிட்டு, யார் வந்தாலும் ஊரைக் கூட்டியது. குளிர்காலத்தில் பழுப்புக் கீச்சான் ஒன்று அதே சீமைக்கருவேல முள்ளில் வந்து உட்காரும். வருஷா வருஷம் அதே கிளை.

கேஸ் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்தது, மத்தியானத்துக்குள் மனை பளிச்சென்று ஆகிவிட்டது. இப்போது அங்கே பன்னிரண்டு வீடு. முன்பக்கம் அழகாக லான் போட்டிருக்கிறார்கள், குட்டை அரளி, தொட்டியில் பனைபோல ஏதோ ஒன்று. பார்வைக்குப் பச்சை. அந்தப் பச்சையில் இதுவரை நான் பார்த்தது காக்காய், மைனா, புறா. சென்னையின் பறவை வளம் கிண்டி தேசியப் பூங்காவிலும், அடையாறு தியோசாபிகல் சொசைட்டி தோப்பிலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் இருப்பதாகத்தான் எல்லோரும் சொல்வோம். அவை பெரிய வங்கிகள், சந்தேகமில்லை. ஆனால் தெருவுக்குச் சில்லறையாக வந்துகொண்டிருந்தது இந்த மாதிரிக் கோர்ட்டு கேஸ் மனைகளிலிருந்துதான். அவற்றைப் பார்க்காக யாரும் நினைப்பதில்லை, போனபோது யாரும் வருத்தப்படுவதுமில்லை.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் மரம் இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. என்ன மரம், எந்த நிலையில் என்பது மீதிப் பாதி. அத்தி, ஆல், நாவல், கொடுக்காப்புளி போல ஒரு மரம் காய்த்தால் தெருவே கலகலக்கும். இடம் இல்லாதவர்களுக்கு தேன்பழ மரம் என்கிற சிங்கப்பூர் செர்ரி இருக்கிறது; நம் நாட்டு மரம் இல்லை, தெரிந்தேதான் சொல்கிறேன். அதில் பூக்கொத்தி வரும். சென்னையில் நான் பார்க்கிற பறவைகளில் ஆகச் சின்னது, முழுசாக எட்டு சென்டிமீட்டர்தான். மாமரத்தில் ஒட்டுண்ணியாக வளருமே புல்லுருவி, அதன் பழத்தைத் தின்றுவிட்டுப் பசை மாதிரி ஒட்டுகிற விதையைக் கிளையில் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கும். மறு புல்லுருவி அங்கே முளைக்கும். மாமரத்துக்காரருக்கு எரிச்சல், பூக்கொத்திக்கு விவசாயம்.

மரத்தின் நிலை என்றேனே, அது பட்டுப்போன கிளை. எங்கள் தெருக்கோடியில் ஒரு முருங்கை. அதன் பட்ட கிளையில், தரையிலிருந்து பன்னிரண்டு அடியில், ஒரு பிப்ரவரியில் குக்குறுவான் ஜோடி பொந்து குடைய ஆரம்பித்தது. கிளையின் அடிப்பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்கும், மழைத்தண்ணீர் இறங்காது. ஒன்று உள்ளே கொத்தும், கொஞ்ச நேரம் கழித்து வாய் நிறையத் தூளோடு தலையை நீட்டி, உதறிவிட்டு மறுபடி உள்ளே போகும். முதல் வாரம் தலை மட்டும் உள்ளே போனது. பிறகு தோள்வரை. பிறகு ஒரு நாள் வால் மட்டும் வெளியே தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கீழே டீக்கடைக்காரர் பெஞ்சு மேல் விழுகிற மரத்தூளை துடைத்துக்கொண்டே, “வீடு கட்டுறாங்க சார், மேஸ்திரி ரெண்டு பேரும்” என்பார். ஏப்ரலில் உள்ளேயிருந்து குஞ்சுச் சத்தம் கேட்டது. அந்த வாரம்தான் மின்கம்பிக்காகக் கிளை கழிக்க ஆட்கள் வந்தார்கள். கம்பியில் உரசாத கிளை அது. டீக்கடைக்காரர் சொல்லிப் பார்த்திருக்கிறார். “பட்டுப்போனதுதானே” என்று வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பட்டுப்போனதுதான். ஆனால் குக்குறுவானால் அதில்தான் குடைய முடியும். பச்சை மரத்தைக் குடையும் பலம் அதன் அலகுக்கு இல்லை. அது விட்டுப்போகிற பொந்தில் பிறகு சின்னப் பறவை வேறொன்று குடிபோகும். கிளி, மைனா, குண்டுகரிச்சான், புள்ளி ஆந்தை எல்லாமே பொந்தை நம்பி இருப்பவை, ஆனால் மரத்தைத் தாமே குடைந்துகொள்ளத் தெரியாதவை. மைனா கெட்டிக்காரி, சிக்னல் கம்பத்துக் குழாயிலும் காலத்தை ஓட்டும். புள்ளி ஆந்தைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பனை மரத்திலும் இதே கதைதான். காய்ந்து தொங்குகிற ஓலையின் அடியில் பனை உழவாரன் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். மரம் “நீட்டாக” இருக்கட்டும் என்று காய்ந்த மட்டையைக் கழித்தால் கூடும் சேர்ந்து கீழே வரும். வெட்டத்தான் வேண்டும் என்றால் மார்ச்சிலிருந்து ஜூன் வரையுள்ள மாதங்களைத் தவிர்த்து வெட்டச் சொல்லுங்கள். மனு கொடுத்தால் சில சமயம் கேட்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் தண்ணீர். இரண்டு அங்குல ஆழத்தில் அகலமான மண் தட்டு, வழவழப்பில்லாதது, நிழலில். தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்குத்தான் தொண்டு. சித்திரை வெயிலில் தானியத்துக்கு வராத பறவையெல்லாம் தண்ணீருக்கு வரும்: சின்னான், தையல்சிட்டு, மாங்குயில்கூட. அடுத்து, தரைத்தளத்தில் நாலடிக்கு நாலடி மண்ணை டைல்ஸ் போடாமல் விடச் சொல்லி அசோசியேஷனில் சண்டை போடுங்கள். அதில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வெட்டி வடிவமைக்காமல் அடர்த்தியாக வளரட்டும்.

குருவிப் பெட்டி வைக்கலாமா என்றால், முதலில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். சிட்டுக்குருவி ஊர் விட்டு ஊர் போகிற பறவை இல்லை. பிறந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்நாள் முடிந்துவிடும். கூட்டமாக வாழ்கிற பறவையும்கூட. நடந்துபோகிற தூரத்தில் மளிகைக் கடை வரிசையிலோ மார்க்கெட்டிலோ குருவிச் சத்தம் கேட்டால் பெட்டிக்கு அர்த்தம் உண்டு. ஒன்று போதாது, பக்கம் பக்கமாக மூன்று நாலு. துளை 32 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் மைனா புகுந்துவிடும். பத்தடி உயரம், மேற்கு வெயில் படக்கூடாது, பூனை ஏறக்கூடாது. தீனி வைத்தே தீர வேண்டும் என்றால் கம்பும் தினையும், குருவி மட்டும் உட்கார முடிகிற சின்னத் தீனிக்குழாயில். கீழே சிந்துவதைப் பெருக்கிவிடுங்கள், புறா பார்த்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வேலை இருக்கிறது, செலவே இல்லாதது. மாதம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிஷம் நின்று கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி எழுதுங்கள். ஈபேர்டு என்ற இலவச ஆப்பில் போட்டால் அது நாட்டுக் கணக்கில் சேரும். மேலே சொன்ன அறிக்கைகளெல்லாம் அப்படிச் சேர்ந்தவைதான். 2023 அறிக்கைக்குப் பின்னால் இருந்தது சுமார் 30,000 பேர் பதிந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கலையொட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலகம் முழுக்க நாலு நாள் நடக்கிறது, அதில் தொடங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: காக்காயையும் எழுத வேண்டும். “இதைப் போய் எழுதுவதா” என்று விட்டுவிடக்கூடாது. பிணந்தின்னிக் கழுகை அப்படித்தான் விட்டோம். ஊர் ஊராக இருந்த பறவையை யாரும் எண்ணி வைக்கவில்லை. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தால் அதைத் தின்று, 1990-களில் அது கூட்டம் கூட்டமாகச் செத்தது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006-ல்; அதற்குள் அநேகமாக எல்லாம் போய்விட்டிருந்தது.

என் பெட்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஆசைப்பட்டுப் பால்கனியில் 32 மில்லிமீட்டர் துளையோடு இரண்டு பெட்டி மாட்டினேன். மூன்று வருஷம் பல்லி மட்டும் குடியிருந்தது. எனக்கு மிக அருகில் குருவி இருப்பது ஆலந்தூர் பக்கம் ஒரு கடை வரிசையில். அங்கிருந்து என் பெட்டிக்கு வர அதற்கு ஒரு காரணமும் இல்லை. நாலாவது வருஷம் ஒரு பெட்டியின் துளையை இரண்டங்குலத்துக்குப் பெரிதாக்கிப் பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினேன். மார்ச் கடைசியில் குண்டுகரிச்சான் வந்தது. பெண் பறவை தென்னந்துடைப்பத்திலிருந்து ஒவ்வொரு நாராக உருவிக்கொண்டு போயிற்று. வீட்டில் அந்தத் துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நான் சொல்லவில்லை.